தொலைத்தொடர்பு மைக்ரோகன்ட்ரோலர்: பிழை எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது?

எக்ஸ்சேஞ்ச் கார்டு, மோடம், ரவுட்டர், கோபுரத்தடிப் பெட்டி போன்றவற்றுக்கென்றே செய்யப்பட்ட மைக்ரோகன்ட்ரோலர்களில் பிழை தேடுவது சாதாரண போர்டில் தேடுவதைப் போல இருக்காது. மோட்டோரோலாவின் எம்சி68302, அதன் பின் வந்த எம்சி68360, எம்பிசி860 போன்ற சிப்புகளில் உங்கள் நிரலை ஓட்டும் சிபியு ஒரு பக்கம் இருக்கும். சீரியல் லைன்களைத் தானே கவனித்து, வந்த டேட்டாவை நேரடியாக மெமரியில் போடும் தனிச் செயலி இன்னொரு பக்கம் இருக்கும். போதாததற்கு, லைனில் ஓடும் கிளாக் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது, எதிர்முனையிலிருந்து வரும். ஆகவே நிரல் சரியாக இருந்தும் போர்டு தவறாக நடக்க நிறைய வழிகள் உண்டு.

பிழை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பில் எல்லாமே தாளத்தில் ஓடுகிறது. பேச்சு லைனில் டேட்டா ஃபிரேம் என்ற சம அளவுத் துண்டுகளாகப் போகும்: நொடிக்கு 8000 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 125 மைக்ரோநொடி. பிழைக்கும் ஒரு தாளம் இருந்தால் அதுவே காரணத்தைப் பாதி சொல்லிவிடும். ஆசிலோஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

போர்டு உயிர்பெறவே இல்லை

மின்சாரம், ரீசெட் பின், கிளாக், இந்த வரிசையில் பாருங்கள். கிரிஸ்டல் பின்னில் நேரடியாகப் புரோப் வைக்காதீர்கள். புரோபின் கெபாசிட்டன்ஸே அலையை நிறுத்திவிடும், சில நேரம் நின்றிருந்த அலையைக் கிளப்பியும் விடும். கிளாக் வெளியீட்டுப் பின் ஒன்று இருக்கும், அங்கே பாருங்கள். புரோப் தொட்டவுடன் போர்டு ஓட ஆரம்பித்தால் கிரிஸ்டலின் லோடு கெபாசிட்டர் மதிப்பு தவறு என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்பிசி860 போன்றவை ரீசெட் நேரத்தில் தங்கள் ஆரம்ப அமைப்பை டேட்டா பஸ்ஸிலிருந்தே படித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் பஸ்ஸில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால், அல்லது புல்-அப் ரெசிஸ்டர் பலவீனமாக இருந்தால், சிப் வேறொரு முகவரியில் பூட் செய்யப் பார்க்கும். பத்தில் ஒரு தடவை மட்டும் பூட் ஆகாத போர்டில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கன்சோலில் எழுத்துக்குப் பதில் குப்பை வருகிறது

சின்னத் தொலைபேசிக் கருவிகளில் உள்ள 8051 வகைச் சிப்புகளில் இது அடிக்கடி நடக்கும். 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட வேண்டிய இடத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் போட்டிருப்பார்கள். 9600 பாட் வேகத்துக்கு எழுதிய அதே டைமர் மதிப்பு இப்போது 10417 தரும். பிழை 8.5 சதவீதம். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். கடைசி பிட்டின் நடுவுக்கு வரும்போது பெறுபவர் முக்கால் பிட்டுக்கு மேல் விலகிப்போயிருப்பார். அதனால் எழுத்தின் முதல் சில பிட்டுகள் சரியாகவும் பின்பகுதி தவறாகவும் வரும். குப்பையும் ஒரே மாதிரிக் குப்பையாகவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குப்பை வந்தால் பாட் வேகத்தை விடுங்கள், கிரவுண்டையும் லெவல் கன்வெர்ட்டரையும் பாருங்கள்.

தானாக ரீசெட் ஆகிறது

இங்கே ஸ்டாப்வாட்ச் ரொம்ப உதவும்.

ஒவ்வொரு தடவையும் மிகச் சரியாக ஒரே இடைவெளியில் ரீசெட் ஆனால் அது வாட்ச்டாக், அதாவது நிரல் தொங்கிவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். எம்பிசி860-இல் ரீசெட் முடிந்தவுடனேயே வாட்ச்டாக் ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் எதையும் தொடாவிட்டால் 50 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2.7 நொடியில் கடிக்கும். அதைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டரில் ரீசெட்டுக்குப் பின் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். பூட்லோடர் ஏற்கெனவே எழுதிவிட்டால், உங்கள் நிரல் அதில் எழுதுவது சத்தமே இல்லாமல் வீணாகும். "நான் வாட்ச்டாகை அணைத்துவிட்டேனே" என்று புலம்புபவர்களின் நிரலில் அந்த வரி இருக்கத்தான் செய்யும். ஆனால் அது இரண்டாவதாக எழுதப்பட்ட வரியாக இருக்கும். ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

தொலைபேசியில் மணி அடிக்கும்போது மட்டும் ரீசெட் ஆனால் மின்சாரத்தைப் பாருங்கள். மணி மின்னழுத்தம் 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் 70 முதல் 90 வோல்ட் வரை போகும். அதை உண்டாக்கும் கன்வெர்ட்டர் ஒரே நொடியில் இழுக்கும் மின்னோட்டம் லாஜிக் சப்ளையைக் கீழே இழுக்கும். சிப்பின் 3.3 வோல்ட் பின்னிலேயே ஸ்கோப்பை வைத்து, 3 வோல்ட்டில் ட்ரிக்கர் செய்து, மணியடிக்க விடுங்கள். சப்ளை போர்டில் அளந்தால் நன்றாகத்தான் தெரியும், சிப்பின் காலில் அளந்தால்தான் பள்ளம் தெரியும்.

ஜிஎஸ்எம் மாட்யூல் சேர்த்த போர்டு என்றால், நெட்வொர்க்கில் சேரும் நேரத்தில் ரீசெட் ஆகும். அலைபரப்பும் கணத்தில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 577 மைக்ரோநொடி நீளம், 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறை. பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரில் கேட்கும் அந்த 217 ஹெர்ட்ஸ் கடகடப்பும் இதுதான். கடகடப்பு கேட்டவுடனே போர்டு விழுகிறது என்றால் மாட்யூலின் காலருகே பெரிய, குறைந்த உள்தடை உள்ள கெபாசிட்டர் தேவை, சப்ளைப் பாதையும் அகலமாக வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் ரீசெட் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டரை நிரலின் முதல் வேலையாகப் படித்துச் சேமியுங்கள். பல சிப்புகளில் அந்த பிட்டுகளை நாமாக அழிக்கும் வரை அவை அப்படியே நிற்கும். அழிக்காவிட்டால், போன வாரத்துக் காரணத்தை இன்றையது என்று நினைத்து ஏமாறுவோம்.

சரியாக எட்டு ஃபிரேம் வந்ததும் நின்றுவிடுகிறது

எட்டாக இருக்கலாம், பதினாறாக இருக்கலாம், முப்பத்திரண்டாகவும் இருக்கலாம். இங்கே ஃபிரேம் என்பது லைனில் வரும் ஒரு டேட்டா பொதி. ஒவ்வொரு பொதியும் எந்தப் பஃபரில் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்புதான் டெஸ்கிரிப்டர். உங்கள் டெஸ்கிரிப்டர் வளையத்தில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை ஃபிரேம் வரும், அப்புறம் மௌனம். பார்த்தவுடனே பெயர் சொல்லிவிடக்கூடிய அறிகுறி இது.

மேற்சொன்ன மோட்டோரோலா குடும்பத்தில் ஒவ்வொரு பஃபருக்கும் 8 பைட் நீள டெஸ்கிரிப்டர் ஒன்று உண்டு: 2 பைட் நிலை, 2 பைட் நீளம், 4 பைட் முகவரி. நிலையில் உள்ள 'காலி' பிட் 1 ஆக இருந்தால் பஃபர் தகவல்தொடர்புச் செயலியின் கையில், 0 ஆனால் சிபியுவின் கையில். ஃபிரேம் வந்ததும் செயலி அதை 0 ஆக்கும். நீங்கள் டேட்டாவை எடுத்துக்கொண்டு திரும்ப 1 ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் வளையத்தை ஒருமுறை சுற்றியதும் காலி இடம் இல்லாமல் செயலி நின்றுவிடும். "நான் ஆக்குகிறேனே" என்பீர்கள். நிரல் ஆக்குகிறது, ஆனால் எழுதியது நினைவகம் போய்ச் சேரவில்லை. கேச்சிலேயே, அதாவது சிபியுவின் வேகமான இடைநினைவகத்திலேயே, தங்கிவிட்டது.

எம்பிசி860-இல் கேச்சும் தகவல்தொடர்புச் செயலியும் ஒன்றையொன்று கவனிப்பதில்லை. ஒரு கேச் வரி 16 பைட், அதாவது இரண்டு டெஸ்கிரிப்டர். டெஸ்கிரிப்டர் இருக்கும் இடத்தை யாராவது தவறுதலாகக் கேச்சுக்குள் விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். நீங்கள் முதல் டெஸ்கிரிப்டரைத் திருத்துகிறீர்கள். கேச் அந்த 16 பைட்டையும் மொத்தமாகத் திரும்ப எழுதுகிறது. அதற்குள் செயலி இரண்டாவது டெஸ்கிரிப்டரில் 'ஃபிரேம் வந்தது' என்று குறித்திருந்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். ஃபிரேம் வந்ததற்கான அடையாளமே இருக்காது. சிப்புக்குள் இருக்கும் அந்த நினைவகப் பகுதியைக் கேச் செய்யக்கூடாது என்று மெமரி மேப்பில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். வெளி மெமரியில் உள்ள பஃபர்களுக்கு 16 பைட் எல்லையில் ஆரம்பிக்கும் முகவரி கொடுங்கள், அளவும் 16-இன் மடங்காக இருக்கட்டும். பஃபரின் வால் பகுதியோடு வேறு வேரியபிள் ஒரே வரியில் குடியிருந்தால் அதுவும் இதே கதைதான்.

சந்தேகம் தீர ஒரே வழி, கேச்சை முழுதாக அணைத்து ஓட்டிப் பார்ப்பது. மெதுவாக ஓடினாலும் பிழை போய்விட்டால் விடை கிடைத்தது. பிழை போகாவிட்டால் எழுதும் வரிசையைப் பாருங்கள். முகவரி, நீளம் இரண்டையும் எழுதிய பிறகுதான் நிலை பிட்டை மாற்ற வேண்டும். கம்பைலர் அந்த வரிசையைக் கலைக்காமலிருக்க வாலட்டைல் என்று அறிவிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. எத்தனையோ ஃபிரேம் நன்றாக வருகின்றன, அப்புறம் சம்பந்தமே இல்லாத வேரியபிள் கெட்டுப்போகிறது. கடைசி டெஸ்கிரிப்டரில் 'இங்கே திரும்பு' பிட்டைப் போட மறந்திருப்பீர்கள். செயலி வளையத்தின் முடிவைத் தாண்டி, அடுத்துள்ள மெமரியை டெஸ்கிரிப்டர் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போகும்.

எம்பிசி860-இல் இன்னொன்று. முதல் சீரியல் சேனலை ஈதர்நெட்டாகப் பயன்படுத்தும்போது அதன் பாராமீட்டர் பகுதி நீண்டு, ஐஸ்கொயர்சியின் (இஇபிராம் போன்ற சின்னச் சிப்புகளை இணைக்கும் சீரியல் லைனின்) பாராமீட்டர் பகுதி மேல் விழும். இரண்டாவது சேனலில் அதே போன்ற எஸ்பிஐ லைனுக்கு அதே கதி. ஈதர்நெட்டை இயக்கியதும் இஇபிராம் படிக்க முடியாமல் போனால் நிரலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இதற்கென்றே மைக்ரோகோட் பேட்ச் இருக்கிறது, அது அந்தப் பகுதியை வேறிடத்துக்கு நகர்த்தும்.

எச்டிஎல்சி லைனில் சிஆர்சி பிழை

எச்டிஎல்சி என்பது டேட்டாவைக் கொடி பிட்டுகளுக்கு இடையே ஃபிரேமாக வைத்து அனுப்பும் முறை. சிஆர்சி என்பது ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் வரும் பிழைச் சரிபார்ப்பு எண். எல்லா ஃபிரேமிலும் பிழை என்றால் இரண்டு முனையிலும் ஒரே நீளச் சிஆர்சி இருக்கிறதா என்று பாருங்கள். 16 பிட் ஒரு பக்கம், 32 பிட் ஒரு பக்கம் என்று அமைத்திருப்பார்கள். ஃபிரேமே வரவில்லை என்றால் லாஜிக் அனலைசரில் 01111110 என்ற கொடியைத் தேடுங்கள். 10000001 தெரிந்தால் டேட்டா தலைகீழாக இருக்கிறது, எங்கோ ஒரு இன்வெர்ட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது. தொடர்ந்து 1 மட்டுமே வந்தால் எதிர்முனை சும்மா இருக்கிறது, அல்லது கேபிள் இல்லை.

சில கோப்புகள் போகின்றன, சில எத்தனை தடவை அனுப்பினாலும் போவதில்லை என்றால் நன்றாகக் கவனியுங்கள். பிழை நேரத்தைச் சார்ந்ததாக இல்லாமல் டேட்டாவைச் சார்ந்ததாக இருக்கிறது. இ1 என்ற டிஜிட்டல் தொலைபேசி லைனில் ஒரு முனை எச்டிபி3 என்றும் மறுமுனை வெறும் ஏஎம்ஐ என்றும் (இரண்டும் பிட்டுகளை மின்துடிப்பாக மாற்றும் லைன் கோடிங் முறைகள்) இருந்தால் தொடர்ந்து நான்கு பூச்சியம் வரும் இடத்தில் மட்டும் கெடும். இ1-இன் அமெரிக்க இணையான டி1-இல் எட்டு பூச்சியத்துக்கு பி8இசட்எஸ் அதே வேலையைச் செய்யும். ஒரு சோதனைக் கோப்பில் முழுக்கப் பூச்சியமும் இன்னொன்றில் முழுக்க ஒன்றும் வைத்து அனுப்பிப் பாருங்கள். முதலாவது போகாமல் இரண்டாவது போனால் லைன் கோடிங்தான். டி1-இல் வழியில் யாராவது கடைசி பிட்டைச் சிக்னலிங்குக்கு எடுத்துக்கொண்டால், 64 கிலோபிட் என்று நம்பிய சேனல் உண்மையில் 56 ஆகும். அங்கே ஏறக்குறைய எல்லா ஃபிரேமுமே கெடும்.

நீளமான ஃபிரேம் மட்டும் கெடுகிறது, அதுவும் லோடு கூடும்போது என்றால் ஓவர்ரன், அண்டர்ரன் (டேட்டாவை நேரத்துக்கு எடுக்கவோ கொடுக்கவோ முடியாமல் போவது) எண்ணிகளைப் பாருங்கள். சிபியு இல்லாமலே டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் டிஎம்ஏவுக்குப் பஸ் கிடைக்கத் தாமதமாகிறது.

பேச்சில் அவ்வப்போது 'டிக்', ஃபேக்ஸ் பாதியில் அறுந்துபோகிறது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். காரணம், இதற்காக மாற்றப்பட்ட நல்ல போர்டுகள் ஏராளம்.

இரண்டு முனைகளும் தங்கள் சொந்த கிளாக்கில் ஓடினால், ஒன்று எப்போதும் மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாக இருக்கும். வேறுபாடு சேர்ந்து ஒரு ஃபிரேம் அளவுக்கு, அதாவது 125 மைக்ரோநொடிக்கு வந்தவுடன், ஃபிரேமர் (லைனின் ஃபிரேம்களைக் கையாளும் சிப்) ஒரு ஃபிரேமை விட்டுவிடும் அல்லது இரண்டு தடவை அனுப்பும். இதை ஸ்லிப் என்கிறோம். கணக்கு எளிது: 125 மைக்ரோநொடியை வேறுபாட்டால் வகுத்தால் இடைவெளி வரும். வேறுபாடு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் 2.5 நொடிக்கு ஒரு ஸ்லிப். இ1 இடைமுகத்துக்கு அனுமதிக்கப்பட்ட விலகலே 50 பிபிஎம் என்பதால், எந்தக் கிரிஸ்டலும் கெடாமலேயே இது நடக்கும். 4.6 பிபிஎம் என்றால் 27 நொடி. 1 பிபிஎம் என்றால் 2 நிமிடம் 5 நொடி. ஜி.811 தரத்து முதன்மைக் கிளாக்குகள் இரண்டுக்கு இடையில் 72 நாளுக்கு ஒன்று.

ஆக, ஸ்டாப்வாட்சில் 27 நொடி வந்தால் 4.6 பிபிஎம் என்று தலைகீழாகக் கணக்கிட்டு, எந்த ஆசிலேட்டர் அந்தத் தரத்தில் இருக்கிறது என்று போர்டில் தேடலாம்.

ஸ்லிப் வந்தால் பேச்சில் ஒரு சின்ன 'டிக்' மட்டும்தான், பலருக்குக் காதில்கூட விழாது. ஃபேக்ஸ் மோடத்துக்கு அது திடீர்க் கட்ட மாற்றம், பக்கத்தில் வரிகள் கெடும், சில நேரம் அழைப்பே போகும். எச்டிஎல்சியில் ஸ்லிப்புக்கு ஒரு ஃபிரேம் சிஆர்சி பிழையாகும். ஆகவே "பேச்சு நன்றாக இருக்கிறது, ஃபேக்ஸ் மட்டும் மோசம்" என்ற புகாரைக் கேட்டவுடனே ஃபிரேமரின் ஸ்லிப் எண்ணியைப் பாருங்கள்.

எண்ணி எப்போதும் ஒரே திசையில் ஏறினால், அதாவது விடுதல் மட்டுமே அல்லது திரும்ப அனுப்புதல் மட்டுமே என்றால், இரண்டு கிளாக்கும் தனித்தனியாக ஓடுகின்றன. ஒரு முனையை லூப் டைமிங்கில் வையுங்கள், அதாவது வரும் லைனிலிருந்தே கிளாக்கை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு திசையிலும் மாறி மாறி வந்தால் கிளாக் ஒன்றுதான், ஆனால் அலைபாய்கிறது. வரும் கிளாக்கைப் பின்தொடரும் சுற்றான பிஎல்எல்லின் ஃபில்டரையும் வெப்பத்தையும் பாருங்கள்.

இரண்டு முனையையும் லூப் டைமிங்கில் வைத்துவிடாதீர்கள். நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன் என்று இரண்டும் சேர்ந்தே விலகிப்போய், பிஎல்எல்லின் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். சோதனை மேசையில் சில நிமிடம் சரியாக ஓடும். எங்காவது பொருத்திய பிறகுதான் அலாரம் வரும். ஒரு ஜோடிக்கு ஒரே எஜமான், அது யார் என்று அமைப்புக் கோப்பில் எழுதியே வையுங்கள்.

பேச்சு கரகரக்கிறது, அல்லது வேறு யாரோ பேசுவது கேட்கிறது

வேறு ஒருவர் பேசுவது தெளிவாகக் கேட்டால் டைம்ஸ்லாட் (ஃபிரேமுக்குள் ஒவ்வொரு அழைப்புக்கும் உரிய இடம்) எண் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது, பிட் வரிசையில் குறையில்லை. பலர் ஸ்லாட்டை 0-இலிருந்து எண்ணுவார்கள், சிலர் 1-இலிருந்து. இ1-இல் 0 ஃபிரேம் ஒத்திசைவுக்கு, 16 பெரும்பாலும் சிக்னலிங்குக்கு. மீதி 30 பேச்சுக்கு என்பதால் 'சேனல் 16' என்று ஒருவர் சொல்வது 17-ஆம் ஸ்லாட்டாக இருக்கும். முதல் 15 சேனல் சரியாக இருந்து மேலே உள்ளவை மட்டும் தள்ளியிருந்தால் இதுவேதான்.

உரத்த இரைச்சலுக்குள் பேச்சின் நிழல் மட்டும் கேட்டால் ஃபிரேம் சிங்க் ஒரு பிட் தள்ளியிருக்கிறது, அல்லது பிட் வரிசை தலைகீழ். பேச்சு மாதிரிகளில் உயர் பிட் முதலில் வரும், எச்டிஎல்சியிலோ தாழ் பிட் முதலில். ஒரே சீரியல் சேனலை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நிரலில் இந்த அமைப்பு மாறாமல் தங்கிவிடும். பேச்சு புரிகிறது, ஆனால் கடுமையாகச் சிதைந்திருக்கிறது என்றால் ஒரு முனை ஏ-லா, மறுமுனை மியூ-லா. இவை பேச்சைச் சுருக்கிப் பிட்டாக்கும் இரண்டு வெவ்வேறு முறைகள். யாரும் பேசாத நேரத்தில் லைனைப் பாருங்கள். ஏ-லா என்றால் 11010101 அல்லது 01010101 போல வரும், மியூ-லா என்றால் ஏறக்குறைய எல்லாம் 1.

தொடர்ச்சியான ரீங்காரம் ஒன்று உண்டு, அது ஏமாற்றும். 80 மாதிரி பஃபர் வைத்து, அதன் விளிம்பில் ஒரு மாதிரி தவறினால் 10 மில்லிநொடிக்கு ஒரு சின்ன வெட்டு, அதாவது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பும் இதே போலத்தான் கேட்கும். கிரவுண்டைத் தேடி ஓடுவதற்கு முன் பஃபரை 96 மாதிரி ஆக்கிப் பாருங்கள். சுருதி இறங்கினால் குறை உங்கள் இரட்டைப் பஃபர் மாற்றத்தில் இருக்கிறது. இறங்காவிட்டால் மின்சாரப் பக்கம்.

டயல் செய்த எண் தவறாகப் பதிகிறது

பல்ஸ் டயலில் நொடிக்கு 10 துடிப்பு. ஒவ்வொன்றிலும் சுமார் 60 மில்லிநொடி திறப்பு, 40 மில்லிநொடி மூடல். டிபவுன்ஸ் நேரம் (தொடர்பு நிலைக்கிறதா என்று நிரல் காத்திருக்கும் நேரம்) மிகக் குறைவாக இருந்தால் தொடர்பு துள்ளுவதும் எண்ணில் சேர்ந்து 3 என்பது 4 ஆகும். 40 மில்லிநொடியை நெருங்கினால் மூடலே கண்ணில் படாது, இலக்கங்கள் காணாமல் போகும். 10 முதல் 15 மில்லிநொடி நல்ல இடம். ஹுக்கை (ரிசீவர் உட்காரும் பொத்தானை) லேசாகத் தட்டினால் '1' என்று பதிவதும் இதே கணக்கில்தான் வரும். திறப்பு 100 மில்லிநொடியைத் தாண்டினால் ஃபிளாஷ், அதாவது வேண்டுமென்றே தட்டிய சைகை, என்று பிரித்துவிடுங்கள்.

டோன் டயலில் எந்த இலக்கமுமே பதியாவிட்டால் மாதிரி எடுக்கும் கிளாக் 8 கிலோஹெர்ட்ஸ்தானா என்று அளந்து பாருங்கள். டிடிஎம்எஃப் (டோன் டயலின் இரட்டை ஒலி) அதிர்வெண் 1.5 சதவீதம் விலகினாலும் ஏற்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் தள்ள வேண்டும். கிளாக் 4 சதவீதம் தவறாக இருந்தால் நிரல் எல்லாவற்றையும் நேர்மையாகத் தள்ளிவிடும். வேகமாக அழுத்தும்போது மட்டும் இலக்கம் விட்டுப்போனால் டோனின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கும் கோர்ட்ஸல் கணக்கின் நீளத்தைப் பாருங்கள். 205 மாதிரி என்றால் 25.6 மில்லிநொடி. 40 மில்லிநொடி டோனைப் பிடிக்க அது போதும், 400 என்று வைத்திருந்தால் போதாது.

மணி பாதி அடித்ததும் 'எடுத்துவிட்டார்' என்று பதிந்தால், மணியின் மாறுமின்னோட்டத்தையே லூப் மின்னோட்டம் என்று நிரல் நினைக்கிறது. 25 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று 40 மில்லிநொடி, 20 ஹெர்ட்ஸில் 50. அந்த முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்த பிறகே முடிவு செய்யுங்கள்.

எந்தத் தாளமும் இல்லை

ஒழுங்கே இல்லாத பிழைக்கு முதலில் சிப்பின் எர்ராட்டா தாளை (தெரிந்த குறைகளின் பட்டியலை) படியுங்கள், உங்கள் சிப்பின் மாஸ்க் எண்ணுக்கு, அதாவது தயாரிப்புப் பதிப்புக்கு, உரியதையே படியுங்கள். அப்புறம் நிரலில் பதிவு ஒன்று சேருங்கள்: ஸ்லிப், சிஆர்சி, ஓவர்ரன், ரீசெட் காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நேரக் குறிப்பு. அழியாத மெமரியில் கடைசி 64 நிகழ்வுகள் இருந்தால் போதும். மேசையில் ஒரு மணி நேரம் பார்த்துத் தாளம் இல்லை என்று தோன்றிய பிழைக்கு, ஒரு வாரப் பதிவில் தினமும் பிற்பகல் வெப்பம் ஏறும் நேரமோ, இரவில் எதிர்முனை கிளாக் மாற்றும் நேரமோ பெரும்பாலும் தென்பட்டுவிடும்.